குத்து வந்தால் என்ன செய்வது? குத்துச்சண்டைத் தற்காப்பும் பதிலடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு சிறிய ஜிம்மில் மாலை வகுப்புகளுக்குக் கை கொடுக்கிறேன். பேட் (குத்துகளை வாங்கக் கையில் மாட்டும் மெத்தை) பிடிப்பது, புதியவர்களுக்குக் கையில் துணி சுற்றக் கற்றுத்தருவது, ஸ்பாரிங் (இருவர் மோதிப் பழகும் பயிற்சிச் சண்டை) நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை. வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்கும்போதும், அப்புறம் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்தக் குத்து வந்தால் என்ன செய்வது, அந்தக் குத்து வந்தால் என்ன செய்வது என்ற வகைதான். எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்வோம். கீழே தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் நீங்களும் எதிராளியும் இடது காலை முன்னே வைத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் இடது கையின் நேர்க்குத்து, கிராஸ் வலது கையின் நேர்க்குத்து. முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுவது ஹூக், கீழிருந்து மேலே வருவது அப்பர்கட். இருவருமே இடக்கைக்காரர்கள் என்றால் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிப் படிக்க வேண்டும்.

குத்து வருவதைப் பார்த்துவிட்டுத் தடுக்க நேரமே கிடைப்பதில்லை. எனக்கு வேகம் போதவில்லையா?

யாருக்குமே போதாது. கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். கிட்டத்திலிருந்து வரும் நல்ல ஜாப் அதற்குள் மூக்கைத் தொட்டுவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் கையுறையைப் பார்ப்பதில்லை. எதிராளியின் நெஞ்சில், கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழே கண்ணை நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு தோளும் தெரியும், முன்காலின் அசைவும் ஓரக்கண்ணில் படும். கை கிளம்பும் முன் தோள் கிளம்பும். தூரத்தில் நிற்கிறார் என்றால் தோளுக்கும் முன்னால் கால் கிளம்பும்.

இதில் பெரிய விஷயம் அந்தத் தூரம்தான். எதிராளி ஓரடி எடுத்து வைத்தால்தான் உங்களைத் தொட முடியும் என்கிற இடத்தில் நில்லுங்கள். அவர் அந்த ஓரடியை வைக்கும் நேரம் உங்களுடையது. புதியவர்கள் வாங்கும் அடிகளில் பெரும்பங்கு, அரையடி முன்னால் நின்றதற்காக வாங்கும் அடி.

தற்காப்பில் எத்தனை வகை? எதை முதலில் கற்க வேண்டும்?

கையுறையிலோ முன்கையிலோ தோளிலோ வாங்குவது பிளாக். தட்டித் திசை மாற்றுவது பேரி. தலையை மட்டும் பக்கவாட்டில் நழுவவிடுவது ஸ்லிப். முழங்காலை மடக்கிக் குத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுவது ரோல். காலால் விலகுவது தனி. கட்டிப்பிடிப்பது கிளின்ச்.

எங்கள் கோச் முதலில் சொல்லித்தருவது காலால் விலகுவதை, அப்புறம் பிளாக். ஸ்லிப்பும் ரோலும் கடைசி. வருகிறவர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு நேராக ஸ்லிப்பில் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஸ்லிப் தவறினால் குத்து முகத்தில், பிளாக் தவறினால் பெரும்பாலும் பாதிக் குத்துதான் உள்ளே வரும்.

தடுத்த பிறகு எந்தக் கையால் திருப்பி அடிப்பது? யோசிப்பதற்குள் வாய்ப்பு போய்விடுகிறது.

யோசிக்க வேண்டியதில்லை, எடை எந்தக் காலில் இறங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கைதான் அடுத்தது. தலையை வலப்பக்கம் நழுவவிட்டால் உடம்பு வலது காலில் இறங்குகிறது, வலது தோள் பின்வாங்குகிறது. வலது கை தயார். இடப்பக்கம் நழுவினால் இடது ஹூக் தயார். இடது காலில் எடையை வைத்துக்கொண்டு வலது கையால் அடித்துப் பாருங்கள், கை மட்டும்தான் போகும், உடம்பு கூடப் போகாது.

இரண்டாவது கணக்கு எதிராளியைப் பற்றியது. அவர் எந்தக் கையால் குத்தினாரோ அந்தப் பக்கம் அவருக்கு அந்த நொடி காவல் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கீழே வரும் பதில்கள் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாதவையாகிவிடும். எங்கள் வகுப்பில் பேட் பிடிக்கும்போது கோச் குத்தின் பெயரையே சொல்ல மாட்டார். தடுத்து முடித்த இடத்தில் ஆளை அப்படியே நிறுத்தி, "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்பார். பதில் சொல்லத் தெரியாதவர் திரும்ப முதலிலிருந்து.

ஜாப்பைச் சமாளிப்பது எப்படி?

ஒரு போட்டியில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போகும் குத்து இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மிக எளிய வழி, வலது உள்ளங்கையில் வாங்கிக்கொள்வது. கை கன்னத்தருகே இருந்தபடியே உள்ளங்கையைக் கொஞ்சம் திறந்து கொடுங்கள். கையுறை உங்கள் முகத்திலேயே வந்து மோதாதபடி மணிக்கட்டைக் கெட்டியாக வைத்திருங்கள். வலது கை வாங்கும் அதே நேரம் இடது கை சும்மாதான் இருக்கிறது. அதே நொடியில் உங்கள் ஜாப்பை அனுப்புங்கள். இரண்டு ஜாப்பும் ஒரே நேரத்தில் கிளம்பும், உங்கள் முகத்தின் முன் ஒரு கை இருக்கிறது, அவர் முகத்தின் முன் இல்லை.

அடுத்தது பேரி. வலது கையால் அவர் ஜாப்பை உங்கள் இடப்பக்கமாகத் தட்டிவிடுவது. முகத்துக்கு வந்த ஈயை விரட்டும் அளவு அசைவு போதும், கை உடனே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது வெளிப்பக்க ஸ்லிப். தலையை வலப்பக்கம் நழுவவிட, ஜாப் உங்கள் இடது தோளுக்கு மேலாகப் போகும். எடை வலது காலில். அவருடைய இடது கை நீண்டு கிடக்கிறது. அதற்கு மேலாக உங்கள் வலது கை தாடைக்கு, அல்லது அதற்கு அடியில் நெஞ்சுக்குழிக்கு. இடப்பக்கம் நழுவுவதும் உண்டு, ஆனால் அது உங்கள் தலையை அவருடைய வலது கையின் பாதையில் கொண்டுபோய் வைக்கிறது. தெரிந்து செய்தால் சரி.

ஜாப் போட்டவர் கையை எப்படித் திரும்ப எடுக்கிறார் என்று கவனியுங்கள். போகும்போது நேராகப் போய், திரும்பும்போது இடுப்பளவுக்குத் தாழ்ந்து வரும் கைகள் ஏராளம். 1936இல் ஜோ லூயிஸ் தோல்வியே காணாமல் ஏறிவந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங் அவரிடம் கண்டுபிடித்தது இதைத்தான். லூயிஸ் ஜாப் போட்டுவிட்டு இடது கையைத் தாழ்த்துகிறார். அந்த இடைவெளியில் வலது கையை மறுபடி மறுபடி அனுப்பி 12ஆவது சுற்றில் அவரை வீழ்த்தினார். இரண்டு ஆண்டு கழித்து லூயிஸ் முதல் சுற்றிலேயே கணக்கைத் தீர்த்தார் என்பது வேறு கதை.

பேரி செய்யப் போய் ஏமாந்துவிடுகிறேன். ஜாப் மாதிரி காட்டிவிட்டு ஹூக் அடிக்கிறார்கள்.

கை தேடிப்போகிறது, அதுதான் காரணம். முகத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் போய்க் குத்தைச் சந்திக்கிறீர்கள் என்றால், அங்கே எதுவும் வராதபோது உங்கள் வலது கன்னம் திறந்து கிடக்கும். இடது ஹூக்குக்கு அதைவிட வசதி வேண்டாம்.

எங்கள் வகுப்பில் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு இந்தப் பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஜாப்புக்கும் வலது முழங்கை விலாவை விட்டுக் கிளம்பிவிடும். கோச் அவர் அக்குளில் முகம் துடைக்கும் துண்டை மடித்துச் செருகிவிட்டார். துண்டு விழுந்தால் பத்துத் தண்டால். முதல் சுற்றில் துண்டு தரையில்தான் அதிகம் கிடந்தது. போகப் போக முழங்கை ஒட்டிக்கொண்டது, தட்டல் மணிக்கட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. வீட்டிலும் செய்து பார்க்கலாம், துண்டு ஒன்றுதான் செலவு.

உயரமானவருடன் மோதும்போது அவருடைய ஜாப்புக்கு வெளியிலேயே மாட்டிக்கொள்கிறேன்.

குள்ளமானவருக்கு ஆபத்தான இடம் நடுத்தூரம். அவருக்கு எட்டும், உங்களுக்கு எட்டாது. அதனால் ஒன்று முழுக்க வெளியே, இல்லையென்றால் முழுக்க உள்ளே. ஜாப் வரும்போது வெளிப்பக்கம் நழுவிக்கொண்டே முன்காலையும் சேர்த்து உள்ளே வையுங்கள். தலை மட்டும் நழுவிக் கால் அங்கேயே நின்றால் அடுத்த ஜாப்பும் உங்களுக்குத்தான். உள்ளே போய்விட்டால் வயிற்றில் ஆரம்பியுங்கள், நீண்ட கைகளுக்கு அங்கே வேலை செய்ய இடமிருக்காது.

சின்ன உடம்பு என்று தயங்குகிறவர்களுக்கு நம் ஊர் ஆளையே காட்டலாம். சையத் அப்துல் காதர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக இறங்கியது 48 கிலோ பிரிவில். 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டுகளில் வெண்கலம் வாங்கினார்.

வலது கிராஸ்?

கிராஸ் தனியாக வருவது அபூர்வம், ஜாப்பின் பின்னாலேயே வரும். ஜாப்பை அழகாகத் தட்டிவிட்ட திருப்தியில் ஒரு நொடி நிற்பவர்தான் கிராஸ் வாங்குகிறார். ஆகவே ஜாப் வந்தாலே கிராஸும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இடது தோள் தானாக மேலே ஏறட்டும், தாடை அதன் பின்னால் போகட்டும். தோளில் பட்ட கிராஸ் வலிக்கும், கீழே தள்ளாது. அங்கிருந்து உங்கள் வலது கை திருப்பிப் போகலாம்.

எனக்குப் பிடித்தது இடப்பக்க ஸ்லிப். கிராஸ் உங்கள் வலது தோளுக்கு மேலாகப் போகிறது. எடை இடது காலில், இடது கை தயார். எதிராளி வலது கையை நீட்டியிருப்பதால் அவருடைய வலது முழங்கை விலாவை விட்டுத் தூக்கியிருக்கிறது. அந்த முழங்கை மூடிவைத்திருந்த இடத்தில்தான் ஈரல் இருக்கிறது. இடது ஹூக் நேராக அங்கே.

இடது ஹூக் எங்கிருந்து வருகிறது என்றே தெரிவதில்லை.

பார்வைக்கு வெளியே பக்கவாட்டிலிருந்து வருவதுதான் அதன் பலமே. அது வருவது உங்கள் வலது பக்கத்துக்கு. வலது கையுறையைக் காதோரம், நெற்றிப்பொட்டை மறைத்து ஒட்டிவையுங்கள், முழங்கை விலாவில். ஒட்டிவைப்பது முக்கியம். தலைக்கும் கையுறைக்கும் நடுவே இடைவெளி விட்டால் உங்கள் கையே உங்களை அடிக்கும்.

ரோல் செய்வதென்றால் திசையை மறக்காதீர்கள். குத்து வரும் பக்கம் நோக்கித்தான் போக வேண்டும். அவருடைய இடது ஹூக்குக்கு அடியில் புகுந்து உங்கள் வலப்பக்கம் எழுகிறீர்கள், அதாவது அவர் கைக்கு வெளியே. எடை வலது காலில், வலது கை போகிறது. குத்து போகும் திசையிலேயே நீங்களும் போனால் அது துரத்திப் பிடிக்கும். முழங்காலை மடக்குங்கள், இடுப்பை வளைத்துத் தரையைப் பார்க்காதீர்கள்.

கை அகலமாகச் சுற்றி வருகிறதென்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம். நேர்க்கோட்டுக்குத் தூரம் குறைவு. வலது கையுறையில் காவல் இருக்க, இடது ஜாப்பை நடுவே அனுப்பினாலே பல ஹூக்குகள் பாதியில் நின்றுவிடும்.

பாய்ந்து பாய்ந்து வருகிறவருக்கு செக் ஹூக் என்று ஒன்று உண்டு. அவர் பாயும்போது இடது ஹூக் போட்டபடியே முன்காலின் முன்பாதத்தில் திரும்பி, பின்காலை இடப்பக்கமாகச் சுழற்றிவிடுவது. அவர் நேராகப் போய்க்கொண்டே இருப்பார், நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள். 2007 டிசம்பரில் ஃபிளாய்ட் மேவெதர் இதை ரிக்கி ஹாட்டனுக்கு 10ஆவது சுற்றில் கொடுத்தார். ஹாட்டனின் தலை மூலைக் கம்பத்தில் போய் மோதியது.

அப்பர்கட் எனக்கு மட்டும் அடிக்கடி விழுகிறது. ஏன்?

குனிகிறீர்கள். நிமிர்ந்து நிற்பவரை அப்பர்கட்டால் அடிப்பது கடினம், குனிந்து தரையைப் பார்ப்பவருக்கு அதைவிட எளிதாக எதுவும் விழாது. முதல் மருந்து முதுகை நேராக வைப்பது. இரண்டாவது, முன்கைகளை நெருக்கிவைத்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி இறக்கிக் குத்தின் மேல் அமர்த்துவது. அரையடி பின்னால் போனாலும் போதும், மிகக் குட்டையான குத்து அது.

திருப்பி அடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அப்பர்கட் போட வேண்டுமென்றால் கையைத் தாழ்த்தித்தான் ஆக வேண்டும். வலது கையால் அப்பர்கட் போடப் போகிறவரின் வலது கன்னம் அந்த நொடி திறந்திருக்கும், உங்கள் இடது ஹூக்குக்கு நேர் எதிரில். 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்குவேர் கார்டனில் முகமது அலிக்கு எதிராக ஜோ ஃபிரேசியரின் தரப்பு போட்ட கணக்கும் இதுதான். அலி வலது அப்பர்கட்டுக்குக் கையை இறக்கும்போது இடது ஹூக்கை விடு என்று பயிற்சியாளர் எடி ஃபட்ச் சொல்லிவைத்திருந்தார். 15ஆவது சுற்றில் அலியைத் தரையில் உட்காரவைத்த இடது ஹூக்கைப் பார்க்காத குத்துச்சண்டை ரசிகர் இருக்க மாட்டார்.

வயிற்றுக்கு வரும் குத்தை எப்படித் தடுப்பது? கையை இறக்கினால் முகத்தில் விழுகிறது.

கையை இறக்காதீர்கள், முழங்கையை வையுங்கள். கையுறை கன்னத்திலேயே இருக்கட்டும், உடம்பை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிச் சுருக்கினால் முழங்கை தானாக விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே வந்து நிற்கும். எதிராளியின் விரல்முட்டி உங்கள் முழங்கை எலும்பில் ஒருமுறை பட்டால் அடுத்த முறை அவரே யோசிப்பார். குத்து படும் நொடியில் மூச்சைச் சட்டென்று வெளியே விட்டு வயிற்றை இறுக்குங்கள். மூச்சை இழுக்கும்போது வாங்கினால் லேசான குத்தும் ஆளை மடக்கும்.

மிகவும் பயப்பட வேண்டியது வலது விலாவுக்கு அடியில் வரும் இடது ஹூக். அங்கே வாங்கியவர் உடனே விழுவதில்லை. ஒரு நொடி நன்றாகத்தான் நிற்பார், என்ன ஆனது என்று அவருக்கே புரியாது. அப்புறம் கால் மடங்கும், மூச்சு வராது, மனம் எழு என்றாலும் உடம்பு எழாது. 2004 செப்டம்பரில் பெர்னார்டு ஹாப்கின்ஸ் 9ஆவது சுற்றில் ஆஸ்கார் டி லா ஹோயாவுக்குக் கொடுத்தது இந்தக் குத்துதான். அவ்வளவு பெரிய வீரர் கைகளால் தரையை அறைந்துகொண்டு பத்து எண்ணி முடியும்வரை எழ முடியாமல் கிடந்தார். ஸ்பாரிங்கில் இந்த இடத்துக்கு அடிக்கும்போது பாதி வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் ஜிம்மில் எழுதாத சட்டம்.

பதிலடி என்றால், வயிற்றுக்கு இடது ஹூக் போடுகிறவர் இடது கையை முகத்திலிருந்து எடுத்திருக்கிறார். வலது முழங்கையில் வாங்கிய கையோடு உங்கள் வலது கை குறுகலாக அவர் தாடைக்கு, அல்லது அவர் குனிந்திருந்தால் வலது அப்பர்கட்.

தலைக்கு மேலாக வளைந்து வரும் ஓவர்ஹேண்ட் வலது கை?

இடது கையைத் தாழ்த்தி ஜாப் போடுகிறவர்களைத் தேடி வரும் குத்து இது. ஜாப் போட்ட கை தோள் உயரத்திலேயே திரும்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வந்துவிட்டால் அடியில் புகுந்து இடப்பக்கம் எழுந்து இடது ஹூக். இல்லையென்றால் அவருடைய வலது கையிலிருந்து விலகி, உங்கள் வலப்பக்கமாகவே நடந்துகொண்டிருங்கள்.

ஒரு குத்தைத் தடுத்துவிடுகிறேன். மூன்று, நான்கு என்று தொடர்ந்து வந்தால் குழம்பிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் தடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஜாப், கிராஸ், ஹூக் என்று வரும் தொடரில் முதலாவதைத் தட்டுங்கள், இரண்டாவதைத் தோளில் வாங்குங்கள், மூன்றாவது வரும்போது அந்த இடத்தில் இருக்காதீர்கள். முன்காலில் திரும்பி ஓரடி பக்கவாட்டில் போய்விட்டால் அவர் மறுபடி உங்களைத் தேடிக் காலை வைக்க வேண்டும். நேராகப் பின்னால் போவதுதான் தப்பு. அவர் முன்னோக்கி வரும் வேகம் உங்கள் பின்னோக்கிய வேகத்தைவிட எப்போதும் அதிகம், கயிறும் பின்னால் காத்திருக்கிறது.

இன்னொரு வழி தொடரின் நடுவிலேயே புகுந்துவிடுவது. ஜாப் முடிந்து கிராஸ் கிளம்பும் முன் உங்கள் ஜாப் போய்ச் சேர்ந்தால் அந்தத் தொடர் அங்கேயே முறிந்துவிடும். எங்கள் கோச்சுக்கு இதுதான் உயிர். எனக்கு இன்னும் பக்கவாட்டில் விலகுவதில்தான் நம்பிக்கை.

எதிரில் இடக்கைக்காரர் நின்றால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறதே?

கொஞ்சம் அப்படித்தான். அவருடைய வலது கையும் வலது காலும் முன்னால். இரண்டு பேரின் முன்கைகளும் முட்டிக்கொள்ளும், ஜாப் போடவே வழி இருக்காது. அவருடைய ஜாப்பை உங்கள் இடது கையால் தட்டுங்கள், வலது கையை அவருடைய இடது கிராஸுக்காகக் காவலில் வையுங்கள். உங்கள் இடது காலை அவருடைய வலது காலுக்கு வெளியே வைத்து, இடப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் அவருடைய பலமான கை தள்ளிப்போகும், உங்கள் வலது கைக்கு நடுப்பாதை திறக்கும்.

2012 டிசம்பர் 8 அன்று ஹுவான் மானுவேல் மார்க்கெஸ் இடக்கைக்காரரான மேனி பாக்கியாவோவை வீழ்த்தியதும் நேர் வலது கையால்தான். 6ஆவது சுற்று முடிய ஒரு நொடி இருக்கும்போது பாக்கியாவோ பாய்ந்து உள்ளே வந்தார். மார்க்கெஸ் கையை அதிகம் நீட்டக்கூட இல்லை.

மேவெதர் மாதிரி இடது கையைத் தாழ்த்தித் தோளால் தடுக்கலாமா?

ஆசை புரிகிறது. இடது கை வயிற்றின் குறுக்கே, இடது தோள் தாடை வரை, வலது கை கன்னத்தில், குத்து தோளில் பட்டு வழுக்கிப் போக உடனே வலது கை பதில் சொல்லும். ஜேம்ஸ் டோனியும் மேவெதரும் அதைக் கலையாகவே ஆக்கினார்கள். ஆனால் அந்த நிலையில் முகத்தைக் காப்பது தூரமும் நேரமும்தான், கை இல்லை. சிறு வயதிலிருந்தே அதில் வளர்ந்தவர்களுக்குச் சரி. இடக்கைக்காரர் எதிரில் வந்தாலோ அது இன்னும் சிக்கல். அடிப்படைக் காவலில் இரண்டு மூன்று ஆண்டு ஸ்பாரிங் போனபின் பார்க்கலாம்.

குத்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன், அக்கா.

பெண்கள் வகுப்பிலிருந்து எங்கள் உதவிப் பயிற்சியாளருக்கு வந்த கேள்வி. ஆண்களும் மூடுகிறார்கள், சொல்வதில்லை, அவ்வளவுதான். அவர் தந்த பதில் இது: காவலில் நின்றுகொள்ளுங்கள், தோழி ஒருவர் உங்கள் கையுறைகளின் மேலேயே லேசாக, இடைவிடாமல் ஒரு நிமிடம் தட்டட்டும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அவர் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டால் போதும். தாடையை இறக்கிப் பல்காப்பைக் கடித்துக்கொண்டால் கண் சிமிட்டுவது குறையும். தினமும் செய்தால் சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும்.

சின்ன வயதில் சிலம்பம் கற்றிருக்கிறேன். உதவுமா, இடைஞ்சலா?

இரண்டும்தான். சிலம்பக்காரர்களுக்குக் காலடி இருக்கிறது. பக்கவாட்டில் போவதும் கோணம் மாற்றுவதும் மற்றவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வரும். கம்பின் தூரத்துக்குப் பழகிய கண் ஆதலால் நெருங்கி நிற்கத் தயங்குவார்கள், அகலமாகத் தாழ்ந்து நிற்பார்கள். அங்கே கொஞ்சம் திருத்த வேண்டும். குத்துவரிசை (சிலம்பத்தோடு வரும் வெறுங்கைச் சண்டை) கற்றவர்களுக்குக் கை ஏற்கெனவே வேலை செய்யும், கன்னத்துக்குத் திரும்பவைப்பதுதான் பாடு.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சத்தமில்லாமல் பயிற்சி செய்ய வழி உண்டா?

உண்டு. குத்துப்பை மாட்டினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், ஆனால் தற்காப்புக்குப் பை வேண்டியதே இல்லை. அறையின் குறுக்கே தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதன் அடியில் இடமும் வலமுமாக ரோல் செய்துகொண்டே முன்னும் பின்னும் நடங்கள். டென்னிஸ் பந்தை நூலில் கட்டி முகத்துக்கு நேரே ஆடவிட்டு ஸ்லிப் செய்யலாம். கண்ணாடி முன்னால் நின்று, ஒவ்வொரு அசைவுக்குப் பின்னும் நின்று, எடை எந்தக் காலில் என்று பாருங்கள்.

துணைக்கு ஆள் இருந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் தோள் தொடும் விளையாட்டு ஆடலாம். கையுறை இல்லாமல், திறந்த கையால் ஒருவர் தோளை மற்றவர் தொட வேண்டும். பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும், தூரக் கணக்கும் தன்னால் வரும். ராத்திரி ரொம்ப நேரமாகிவிட்டால் வேண்டாம், மேல்மாடி வரை சிரிப்புச் சத்தம் கேட்கும்.

நன்றாகத் தடுத்தால் நடுவர்கள் புள்ளி தருவார்களா?

நேரடியாகத் தர மாட்டார்கள். அமெச்சூர் போட்டியில் ஒவ்வொரு சுற்றையும் வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. முதலில் பார்ப்பது தாடை, முகம், உடம்பு ஆகியவற்றில் சுத்தமாக விழுந்த குத்துகளை. கையுறையிலும் முன்கையிலும் பட்டவை கணக்கில் வராது. ஆக நீங்கள் தடுத்தால் அவருக்குப் புள்ளி இல்லை, திருப்பி அடித்தால்தான் உங்களுக்குப் புள்ளி. மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம் என்ற போட்டியில் காத்துக்கொண்டே இருப்பவர் தோற்றுவிடுவார்.

தடுக்கிறேன் என்று இடுப்புக்குக் கீழே தலையைக் கொண்டுபோவது, முதுகைத் திருப்புவது, பிடித்துக்கொண்டே அடிப்பது, முழங்கையை நீட்டுவது, எல்லாம் தவறு. பிடரியில் அடிப்பதும் அப்படியே.

பத்து வயது மகனைச் சேர்க்கலாமா? அடி வாங்குவானோ என்று பயமாக இருக்கிறது.

சேர்க்கலாம், அக்கா. அந்த வயதில் காலடி, பேட், தோள் தொடும் விளையாட்டு போதும். தலைக்கு அடிக்கும் ஸ்பாரிங் இல்லாத வகுப்பா என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

தலையில் வாங்கிய பிறகு வீட்டுக்குப் போயும் தலைவலி இருக்கிறது. அடுத்த நாள் ஸ்பாரிங் வரலாமா?

கூடாது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, தூக்கம் கலைவது, இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். வாந்தி வந்தால், மயங்கினால், பேச்சு குழறினால் 995ஐ அழையுங்கள். அறிகுறிகள் முழுக்கப் போய், மருத்துவர் சரியென்று சொன்ன பிறகுதான் ஸ்பாரிங். தலைக்காப்பு போட்டிருந்தேனே என்று சொல்லாதீர்கள். அது வெட்டுக் காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், மூளை அதிர்வதைத் தடுக்காது.

ரோட்டில் யாராவது அடிக்க வந்தால் இதெல்லாம் பயன்படுமா?

தூரம் பார்க்கும் பழக்கம் பயன்படும். அதை வைத்து விலகிப் போய் 999ஐ அழையுங்கள். பொது இடத்தில் சண்டை போடுவது இங்கே குற்றம், கையுறை இல்லாமல் தலையில் அடித்தால் உங்கள் கை எலும்புதான் முதலில் உடையும்.

ஸ்பாரிங்கில் துணைக்கு வருபவர் லேசாக என்று சொல்லிவிட்டு ஓங்கி அடிக்கிறார். நானும் ஓங்கி அடிக்கலாமா?

வேண்டாம். அப்படி ஆரம்பித்தால் தற்காப்புப் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும், இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு வீசத் தொடங்குவீர்கள். கையைத் தூக்கி நிறுத்துங்கள், "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று சொல்லுங்கள். 16 அவுன்ஸ் கையுறை இரண்டு பேரும் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், சிலர் பைக்கு அடிக்கும் சின்னக் கையுறையோடு ஏறிவிடுகிறார்கள். மறுபடியும் அடித்தால் மணி வரை பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கயிற்றைத் தாண்டி இறங்கி கோச்சிடம் சொல்லிவிட்டு வேறு ஆளோடு போடுங்கள்.